உரிமம் பெற்ற துப்பாக்கி ஊர் மாறும்போது: வன்கொடுமைத் தடுப்பு விதி 3 ஏன் உறங்குகிறது?

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே, குற்றால மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இலஞ்சி. அங்கிருந்து மேற்கே புறப்படும் வண்டி செங்கோட்டையைக் கடந்து, புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, சிறிது நேரத்தில் கேரளத்தின் ஆரியங்காவை அடைந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. அதாவது, அன்றைய மாநில எல்லை இலஞ்சியின் வாசலிலேயே இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லை மேற்கே நகர்ந்தது. தோட்டத் தொழிலாளர், காய்கறி லாரிகள், சபரிமலைப் பயணிகள், குற்றாலச் சாரலுக்கு வருவோர் என எல்லோரும் அந்த எல்லையை அன்றாடம் கடக்கிறார்கள்.

அந்தச் சாலையில் ஒருவர் தமது காரில் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் அவரிடம் என்ன கேட்கிறது? இக்கேள்வியை வழக்கமாக எழுப்புவோர் துப்பாக்கி வைத்திருப்போர்தாம். அவர்களுக்கு விடை சொல்ல வழக்கறிஞர்களும், துப்பாக்கிக் கடைக்காரர்களும், ஓய்வு பெற்ற அதிகாரிகளும் இருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி எந்த ஊரில் இறங்குகிறதோ, அந்த ஊரின் சேரியில் வாழ்வோருக்கும் இதே கேள்வி உரியது. அவர்கள் பக்கம் நின்று இதை நாம் பார்க்க விரும்புகிறோம்.

சட்டம் ஒன்று, செல்லுபடி எல்லைகள் பல

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனித் துப்பாக்கிச் சட்டம் உண்டு. ஒரு மாநிலத்தில் அனுமதிக்கப்பட்ட ஆயுதம் அடுத்த மாநிலத்தில் குற்றமாகிவிடலாம். இந்தியாவில் நிலைமை வேறு. படைக்கலம், வெடிமருந்து ஆகியவை அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் ஐந்தாம் பதிவில் உள்ளன. ஆகவே 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் புளியரைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றே. ஆனால் காவல்துறையும் பொது அமைதியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. உரிமம் வழங்குவதும் அதைக் கண்காணிப்பதும் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரின் கையில், மாநகரங்களில் காவல் ஆணையரின் கையில் இருக்கின்றன. எழுத்தில் ஒன்றாக உள்ள சட்டம் நடப்பில் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதற்கு இதுவே காரணம்.

உரிமத்தில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்: யாருக்கு, எந்தத் துப்பாக்கிக்கு, எந்த நிலப்பரப்பில். மூன்றாவதுதான் பயணத்தின்போது முக்கியம் பெறுகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் செல்லும் என்று எழுதப்பட்ட உரிமம் ஆரியங்காவில் செல்லாது. எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்ல வேண்டுமானால், செல்லுபடிப் பரப்பை விரிவாக்கித் தருமாறு முன்னதாகவே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். குடிபெயர்ந்தால், துப்பாக்கி தன்னுடன் வந்திருப்பதைப் புதிய இடத்தின் உரிம அதிகாரிக்குக் குறித்த காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

துப்பாக்கியை எடுத்துச் செல்லும் முறைக்கும் கட்டுப்பாடு உண்டு. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின் 32ஆம் விதி, பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள் முழுவதும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அதைச் சுழற்றிக் காட்டுவதையும் வெடிப்பதையும் தடை செய்கிறது. உரிமத்தின் பொது நிபந்தனைகளுள் ஒன்று இன்னும் முக்கியமானது: தனி அனுமதி இல்லாமல் சந்தைக்கோ, திருவிழாவுக்கோ, மத ஊர்வலத்துக்கோ, பொதுக்கூட்டத்துக்கோ, கல்வி நிறுவன வளாகத்துக்கோ துப்பாக்கியைக் கொண்டுசெல்லக் கூடாது. கோயில் கொடைகளும், தேரோட்டங்களும், சாதித் தலைவர்களின் நினைவு நாள் ஊர்வலங்களும் நிறைந்த நமது தென்மாவட்டங்களில் இந்த ஒற்றை நிபந்தனையை ஒவ்வோர் இளைஞரும் அறிந்திருக்க வேண்டும். 2019 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம், கொண்டாட்டத்தின் பெயரால் கவனமின்றிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கி, 2 ஆண்டு வரை சிறையோ 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ விதித்தது. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும், உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியதும் அதே திருத்தம்தான்.

வழியில் காவலர் நிறுத்தி உரிமத்தைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும் என்பது படைக்கலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அதற்கடுத்த 20ஆம் பிரிவை நாம் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். எடுத்துச் செல்லப்படும் ஆயுதத்துக்கு உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படக்கூடும் என்று ஐயுறச் சூழ்நிலை இடம் தருமானால், பிடியாணையின்றிக் கைது செய்து ஆயுதத்தைக் கைப்பற்றலாம். ஊரில் பதற்றம் நிலவும் நாளில் துப்பாக்கியுடன் வந்து இறங்குபவரிடம் உரிமம் இருக்கிறது என்று சொல்லிக் காவல்துறை கையை விரித்துவிட முடியாது.

மலையடிவாரத்தில் இன்னொரு சட்டமும் குறுக்கிடுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடை செய்கிறது. சரணாலயத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்க அவரது இசைவு வேண்டும் என்பது 34ஆம் பிரிவு. எல்லையின் அந்தப் பக்கம் செந்தூருணி, இந்தப் பக்கம் 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம் என்று அமைந்திருக்கும் இம்மலைத்தொடரின் அடிவார ஊர்கள் பலவும் இக்கட்டுப்பாட்டின் கீழ் வருகின்றன.

இனித் தண்டனைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது 2 ஆண்டு, அதிக அளவாக 5 ஆண்டு சிறை. உரிமம் பெற்றவர் உரிம நிபந்தனையை மீறினால், 30ஆம் பிரிவின்படி அதிக அளவாக 6 மாதச் சிறை, அல்லது வெறும் தண்டம். காட்டுப்பன்றியிடமிருந்து கிழங்கைக் காக்க நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்த மலையோர ஏழைக்குச் சிறை உறுதி. உரிமத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சேரித் தெருவின் வழியே ஊர்வலம் போன நிலவுடைமையாளருக்குத் தண்டம் கட்டிவிட்டு வீடு திரும்பும் வாய்ப்பு உண்டு. செல்லுபடிப் பரப்பைத் தாண்டியவர் மீது உரிமமற்றவர் என்று வழக்குப் பதிவதா, நிபந்தனையை மீறியவர் என்று பதிவதா என்பதும் பெருமளவு காவல் நிலையத்தின் பார்வையைப் பொறுத்தே அமைகிறது. அந்தப் பார்வை சாதிக்கு அப்பாற்பட்டதாக இருக்கும் என்று நம்புவதற்கு நமது அனுபவம் இடம் தரவில்லை.

பதிவேட்டில் இல்லாத துப்பாக்கி

ஒரு மாவட்டத்தில் எத்தனை உரிமத் துப்பாக்கிகள் உள்ளன என்று கேட்டால், மாவட்ட நிர்வாகம் தான் வழங்கிய உரிமங்களின் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும். வேறு மாவட்டத்தில், வேறு மாநிலத்தில் பெற்ற உரிமத்துடன் உள்ளே வந்து தங்கிவிட்ட துப்பாக்கி, அதை வைத்திருப்பவர் முறையாகத் தெரிவித்தால் மட்டுமே அப்பதிவேட்டில் ஏறும். ஓய்வு பெற்றுத் திரும்பியவரிடம் வடமாநில உரிமம் இருக்கலாம். தோட்ட உரிமையாளரின் உரிமம் கேரளத்தில் வாங்கியதாக இருக்கலாம். சென்னையில் தொழில் செய்பவர் ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது தமது கைத்துப்பாக்கியுடன் வரலாம். இவற்றில் எதுவும் தன்னளவில் குற்றமில்லை. ஆயினும் தென்காசி போன்ற எல்லை மாவட்டத்தில் பதிவேட்டுக்கும் ஊரில் உண்மையில் இருக்கும் துப்பாக்கிக்கும் இடையே விழும் இடைவெளி, யாருடைய உயிரைப் பணயம் வைக்கிறது என்பதே கேள்வி.

உரிமம் என்ற காகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஜம்மு–காஷ்மீர் ஒரு சான்று. 2012 முதல் 2016 வரை அங்கு விதிகளை மீறி 2.78 இலட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கு விசாரணை நடத்தியது. அங்கு வசிக்காதவர்களும் அவற்றைப் பெற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஓர் எல்லைப்புற மாவட்டத்தில் போட்ட கையெழுத்து, நாட்டின் எந்த மூலையிலும் ஒரு துப்பாக்கியாக முளைக்க முடியும் என்பதை அது காட்டியது. உரிமங்களுக்குத் தனி அடையாள எண் கொடுத்துத் தேசியத் தரவுத்தளமும் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. எனவே, துப்பாக்கி எங்கே வாங்கப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியாது என்று இன்று எந்த மாவட்ட நிர்வாகமும் சொல்லித் தப்ப முடியாது. தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. தேட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்பதையே நாம் கேட்க வேண்டும்.

எழுதப்பட்டும் வாசிக்கப்படாத விதி

அந்தத் தேடலைக் கட்டாயமாக்கும் விதி ஒன்று 1995 முதல் நமது கையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழுமுன்பே மாநில அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. வன்கொடுமை நிகழக்கூடும் அல்லது மீண்டும் நிகழக்கூடும் என்று கருத இடமுள்ள பகுதிகளை அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கு நேரில் சென்று நிலைமையை ஆராய வேண்டும். அடுத்து வரும் மூன்று உட்பிரிவுகளும் துப்பாக்கியைப் பற்றியவை.

முதலாவது, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை, தேவைப்பட்டால், ரத்து செய்து அவ்வாயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். இது உரிமம் பெற்றவரோடு நிற்பதில்லை. அவரது நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களையும் சேர்த்தே விதி பேசுகிறது. இரண்டாவது, சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்றி, அவற்றின் தயாரிப்பைத் தடுக்க வேண்டும். மூன்றாவது, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையென்று கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும்.

உறவினர், வேலையாள், நண்பர் என்று விதி எழுதியவர்கள் ஊரை அறிந்தவர்கள். ஆதிக்கச் சாதிக் குடும்பத்தின் துப்பாக்கி ஓர் ஆளுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அண்ணன் பெயரில் உரிமம் ரத்தானால் மைத்துனன் பெயரில் இன்னொன்று இருக்கும்; உள்ளூர்த் துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டால் வெளியூர்ச் சம்பந்தி வீட்டுத் துப்பாக்கி வரும். துப்பாக்கி ஊர் மாறும் என்பதை முன்கூட்டியே கண்டு எழுதப்பட்ட விதி இது. மாவட்ட எல்லையையும் மாநில எல்லையையும் தாண்டித் தேடினால்தான் இதை நிறைவேற்ற முடியும்.

பிறகு ஏன் இது உறங்குகிறது? ஆட்சியரின் பொறுப்புகளைப் பார்த்தால் முரண் புலப்படும். மாவட்ட அளவில் உரிமம் வழங்குபவர் அவரே. உரிமமற்ற துப்பாக்கி வழக்கு நீதிமன்றம் செல்ல 39ஆம் பிரிவின்படி முன் அனுமதி அளிப்பவரும் அவரே. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் அவரே. அக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அங்கு நிவாரணத் தொகை, நிலுவை வழக்குகள், குற்றப்பத்திரிகைகள் பேசப்படுகின்றன, அவை தேவையானவையே. ஆனால் வன்கொடுமை வாய்ப்புள்ள கிராமங்களின் பட்டியலையும் துப்பாக்கி உரிமப் பதிவேட்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கத்தில் இல்லை. இரண்டு கோப்புகளும் ஒரே அதிகாரியின் கையெழுத்துக்குப் போகின்றன, ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

சட்டச் சிக்கல் எதுவும் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ படைக்கலச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு ஆகியவை அதற்குப் போதிய காரணங்கள். ஆனால் ஆணையில் காரணம் எழுதப்பட வேண்டும். 18ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே, விதி 3 சொல்கிறது என்று ஒற்றை வரி எழுதினால் ஆணை நிற்காது. அந்தக் கிராமம் ஏன் அடையாளம் காணப்பட்டது, அங்கு என்ன மோதல் நிகழ்ந்தது, இந்தத் துப்பாக்கிக்கும் அந்த மோதலுக்கும் உள்ள தொடர்பு என்ன என்பவை கோப்பில் இருக்க வேண்டும். காவல் நிலைய அறிக்கையில் இவை இடம்பெறாவிட்டால் ஆட்சியரால் எதுவும் செய்ய இயலாது. எனவே வேலை காவல் நிலையத்திலிருந்தே தொடங்குகிறது.

முடியாது என்பதற்கு இரண்டு மறுப்புகள்

முன்தடுப்பு நடவடிக்கைகள் ஏட்டில்தான் இருக்கும், நடைமுறைக்கு வாரா என்று நம்மவர்களே சலித்துக்கொள்வதுண்டு. தென்காசி மாவட்டமே அதற்கு மறுப்புத் தந்திருக்கிறது. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பகுதியின் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குக் கடையில் தின்பண்டம் தர மறுத்த காணொளி பரவியது. கைது நடந்ததோடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ்க் காவல்துறை நீதிமன்றத்தை அணுகியது. குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து பேரும் ஆறு மாதம் அக்கிராமத்துக்குள் நுழையத் திருநெல்வேலிச் சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. 1989 முதல் சட்டத்தில் இருந்தும் தமிழ்நாட்டில் எவரும் தொடாத பிரிவு அது. ஓர் அதிகாரி அதை எடுத்துப் படித்தார், நீதிமன்றம் ஏற்றது. உறங்கும் பிரிவுகளை எழுப்ப முடியும் என்பதே பாஞ்சாகுளம் நமக்குச் சொல்லும் பாடம். ஆட்களை ஊரைவிட்டு வெளியேற்றும் அளவுக்குக் கடுமையான பிரிவே நடைமுறைக்கு வந்திருக்கும்போது, துப்பாக்கியைக் கிடங்குக்கு அனுப்பும் விதி வரக்கூடாதா?

இரண்டாவது மறுப்பு ஒவ்வொரு தேர்தலிலும் கிடைக்கிறது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும், உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆட்சியர்கள் அறிவிப்பு வெளியிடுகிறார்கள். யாருடைய துப்பாக்கியை வாங்க வேண்டும் என்று ஆராய மாவட்ட அளவில் குழு அமைகிறது. பிணையில் வந்தவர், குற்றப் பின்னணி உடையவர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டவர் ஆகியோர் முதலில் கவனிக்கப்படுகிறார்கள். வங்கிக் காவலருக்கும் துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வீரருக்கும் விலக்குத் தரப்படுகிறது. சில வாரங்களில் வேலை முடிந்துவிடுகிறது. வாக்குப்பெட்டிக்கு ஆபத்து வரலாம் என்று கருதி மாவட்டம் முழுவதும் இதைச் செய்ய முடிகிற அரசு, குறிப்பிட்ட சில கிராமங்களில் மக்களின் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று தானே பட்டியலிட்ட பிறகும் செய்வதில்லை. முடிவெண்ணிக்கைக்குப் பின் துப்பாக்கிகள் அதே வீடுகளுக்குத் திரும்பிச் செல்கின்றன. தேர்தலில் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதற்காகச் சேரிகள் தாக்கப்படுவது வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் என்பதை நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

யார் ஆயுதம் தாங்கலாம்?

இந்தச் சமமின்மை நேற்று முளைத்ததில்லை. 1878ஆம் ஆண்டின் காலனியப் படைக்கலச் சட்டம் இந்தியரை நிராயுதபாணியாக்கியது என்று தேசிய வரலாறு எழுதுகிறது. அச்சட்டத்தில் விலக்குகளும் இருந்தன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். குடகு மண்ணில் குடவர் இனத்தாருக்கும் ஜம்மா நில உரிமையாளருக்கும் காலனிய ஆட்சி அளித்த விலக்கு, சுதந்திர இந்தியாவில் 1963ஆம் ஆண்டு அறிவிக்கையால் தொடர்ந்தது. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதே காப்பித் தோட்டத்தில், அதே யானைகளுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக உழைக்கும் எரவப் பழங்குடியினருக்கு அந்த விலக்கு இல்லை. பிறப்பும் நிலவுடைமையும் துப்பாக்கி உரிமையை இன்றும் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

படையிலும் இதே கதைதான். பம்பாய்ப் படையில் நெடுங்காலம் பணியாற்றிய மகர்களைச் சேர்ப்பதை, வீர இனக் கொள்கையின் பெயரால், ஆங்கில அரசு 1890களில் நிறுத்தியது. படைவீரரின் மகனான அம்பேத்கர் வளர்ந்தது அந்தக் கதவடைப்பின் நிழலில். மகர் படைப்பிரிவு 1941இல்தான் உருவாயிற்று.

கடல் கடந்தும் இதே தர்க்கத்தைக் காணலாம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்கள் இயற்றிய கறுப்பர் சட்டங்கள் விடுதலை பெற்ற அடிமைகள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தன. 1967இல் ஓக்லண்டில் காவல்துறை வன்முறையைக் கண்காணிக்கக் கறுப்புச் சிறுத்தைகள் சட்டப்படி துப்பாக்கியுடன் தெருவில் இறங்கியபோது, கலிபோர்னியா அவசரமாக மல்போர்டு சட்டத்தைக் கொண்டுவந்தது; கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அமைப்பு பிறந்தபோது அந்தக் கறுப்புச் சிறுத்தைகளே அதற்கு ஊக்கமாக இருந்தார்கள். ஒடுக்கப்பட்டவர் கையில் வரும்போது மட்டும் ஆயுதம் அமைதிக்கு ஆபத்தாகத் தெரிவது உலகப் பொது நோய்.

அரிவாள் நாட்டில் துப்பாக்கியைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

தென்மாவட்டச் சாதிக் கொலைகளில் பெரும்பாலும் பயன்படுவது அரிவாள்; மேலவளவு முதல் இன்றுவரை அதுவே நிலை. அப்படியிருக்கத் துப்பாக்கி உரிமத்தைப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் கருதலாம். இக்கருத்தை நாம் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனால் உரிமத் துப்பாக்கி வெடிக்காமலேயே வேலை செய்யும் ஆயுதம். கூலி உயர்வு கேட்கப் போகிறவர் திண்ணையில் சாத்தி வைத்த இரட்டைக்குழலைப் பார்த்தபடியேதான் பேச வேண்டும். அதன் பின்னால் அரசின் முத்திரை இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அரிவாளுக்கு அந்த முத்திரை இல்லை. வெடித்த நாட்களும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த கும்பல் துப்பாக்கிகளுடன் வந்தது. 1977இல் பீகாரின் பெல்ச்சியில் சுட்டும் எரித்தும் 11 பேரைக் கொன்றார்கள். 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனை 58 தலித்துகளைச் சுட்டுக் கொன்றது. துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறது என்று அரசு முன்னரே கேட்டிருக்க வேண்டிய ஊர்கள் இவை.

அப்படியானால் நமக்கும் துப்பாக்கி வேண்டுமா? விதி 3 அதற்கு வழி திறந்திருக்கிறது. படைக்கலச் சட்டத்தின் 14ஆம் பிரிவும், போதிய சொத்து இல்லை என்ற காரணத்தால் மட்டும் எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். உயிருக்கு மெய்யான அச்சுறுத்தல் உள்ள ஊராட்சித் தலைவரோ, வழக்கின் சாட்சியோ, களப்பணியாளரோ விண்ணப்பிப்பது அவரது உரிமை. மறுப்பை மேல்முறையீட்டில் எதிர்ப்பதும் உரிமை.

எனினும் ஊர்தோறும் துப்பாக்கி என்பதை நாம் தீர்வாக முன்வைக்கவில்லை. துப்பாக்கியின் விலை, பயிற்சிச் சான்று, பாதுகாப்பாக வைக்க இடம் ஆகியவை கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாதவை. ஓட்டு வீட்டில் வைத்த துப்பாக்கி முதலில் வீட்டுக் குழந்தைக்கே ஆபத்து. மோதல் மூண்டால், பொய் வழக்குப் புனைய அதே துப்பாக்கி சான்றாகும். பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று ஆறு பேரைக் கொன்றது தனியார் துப்பாக்கி இல்லை, காவல்துறையின் துப்பாக்கி. அரசின் துப்பாக்கிகள் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவால் அச்சட்டத்துக்கு வெளியே நிற்பவை. இலஞ்சியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாம் தழுவின. சாதி இழிவும் காவல்துறைத் தொல்லையும் அவர்களைத் துரத்தின. அவர்கள் பாதுகாப்பை மரியாதையில் தேடினார்கள், ஆயுதத்தில் தேடவில்லை. 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தைத் தானாக முன்வந்து கவனத்தில் கொண்டபோது, அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கு அடிப்படை உரிமை இல்லை என்று சுட்டியது. அதை நாமும் ஏற்கிறோம். ஆயுதம் உரிமை இல்லையென்றால், அது ஆதிக்கச் சாதிக்கும் உரிமை இல்லை. அரசு தந்த சலுகையை அரசே திரும்பப் பெறலாம்.

நாம் கேட்க வேண்டியவை

மாணவர்களும் களப்பணியாளரும் நாளையே தொடங்கக்கூடிய வேலைகள் சில உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வட்டம் வாரியாக நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்களின் எண்ணிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பெயரும் முகவரியும் கேட்டால் தனிமனித விவரம் என்று மறுப்பார்கள். எண்ணிக்கையை மறுக்க முடியாது. தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு என எந்த நோக்கத்துக்கு எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். பிற மாவட்ட, பிற மாநில உரிமத்துடன் வந்து பதிந்துகொண்டவை எத்தனை என்று தனியே கேளுங்கள். விதி 3இன் கீழ் அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை, அங்கு ரத்தான உரிமங்கள் எத்தனை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் விண்ணப்பித்தவை எத்தனை, பெற்றவை எத்தனை என்ற கேள்விகளும் உடன் போகட்டும்.

மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவில் இடம்பெற்றுள்ள நமது உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே ஆயுத உரிம ஆய்வைப் பொருள்நிரலில் சேர்க்க எழுத்து மூலம் கோர வேண்டும். வன்கொடுமை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமம் புதுப்பிக்கப்படும்போது, நிலுவை வழக்கு கோப்பில் வைக்கப்படுகிறதா என்று கேட்க வேண்டும். ஊரில் பதற்றம் மூண்டால், கொடுக்கும் புகாரிலேயே துப்பாக்கி பற்றிய செய்தியையும் எழுதுங்கள்: யாரிடம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது, எந்த ஊர்வலத்தில் காட்டப்பட்டது. புகாரில் எழுதாதது காவல் நிலைய அறிக்கையில் வராது. அறிக்கையில் வராதது ஆட்சியரின் ஆணையில் வராது. அறிந்தும் கடமையைச் செய்யாத பொதுப் பணியாளருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது என்பதையும் அப்புகாரின் நகலே பின்னாளில் நினைவூட்டும்.

புளியரைச் சாவடியில் மணல், அரிசி, கோழி, கழிவு என ஒவ்வொன்றையும் இறக்கிச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். எல்லையைக் கடக்கும் பொருளைக் கவனிக்க அரசுக்குத் தெரியும். சேரியை நோக்கிப் போகும் துப்பாக்கியையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும் என்று 1995இலேயே விதி எழுதப்பட்டுவிட்டது. அதைப் படித்துக் காட்டும் பொறுப்பு நம்முடையது. நிறைவேற்றும் பொறுப்பு ஆட்சியருடையது.